விதிகள் விட்டுவைத்த இடம்: மருந்துக் காப்புரிமையும் உலக வர்த்தக ஆட்சியும்

2007 ஆகஸ்ட் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு ஒரு தீர்ப்பை வழங்கியது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடான டிரிப்ஸுக்கும் இந்திய அரசமைப்புக்கும் முரணானது என்பது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் வாதம். அரசமைப்பு மீறல் ஏதுமில்லை என்றது நீதிமன்றம். டிரிப்ஸ் பற்றிய கேள்வியைத் தான் விசாரிக்க இயலாது, அதற்கான தகராறுத் தீர்வு முறை உலக வர்த்தக அமைப்பிலேயே உள்ளது என்றும் சொன்னது. அதன்பின் சுவிட்சர்லாந்து அரசு அந்த அமைப்பு இயங்கும் ஜெனீவாவுக்குப் போய் வழக்குத் தொடுத்திருக்கலாம், தொடுக்கவில்லை. தன் வர்த்தக அறிக்கைகளில் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை ஆண்டுதோறும் குறைகூறும் அமெரிக்காவும் 3(டி)-க்கு எதிராக அங்கே வழக்கிடவில்லை.

அந்த மௌனம் கவனிக்கத்தக்கது. உலகமயமாக்கலை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகிறார்கள்: பன்னாட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாடு தன் சட்டமியற்றும் உரிமையை இழந்துவிடுகிறது என்பதே அது. மருந்துக் காப்புரிமையின் வரலாறு இதை மறுக்கிறது. டிரிப்ஸ் கடுமையான உடன்பாடுதான். ஆனாலும் நாடுகளுக்கு அது கணிசமான இடத்தை விட்டுவைத்தது. அந்த இடத்தைப் பயன்படுத்தும் சட்ட அறிவும் உற்பத்தித் திறனும் அரசியல் துணிவும் எந்த நாட்டிடம் உள்ளனவோ, அந்த நாட்டின் நோயாளிகளே பயனடைந்தார்கள்.

இந்தியாவிடம் அந்த அறிவு டிரிப்ஸ் நடைமுறைக்கு வந்த 1995-க்கு வெகு முன்பே சேர்ந்துவிட்டது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை அதன் அடித்தளம். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டினர் கையில் இருப்பதையும், அவற்றில் மிகப் பல இந்திய மண்ணில் உற்பத்திக்கே வராததையும் அவர் எடுத்துக்காட்டினார். அவர் பரிந்துரைகளின் வழியில் உருவான 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைத் தயாரிக்கும் செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வேறு செய்முறையைக் கண்டுபிடித்தவர் அதே மருந்தைத் தயாரிக்கலாம். இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த விதியின்மேல்தான்.

அதன் பலனை உலகம் 2001 பிப்ரவரியில் கண்டது. எய்ட்ஸ் நோய்க்கான மும்மருந்துச் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். மலிவு மருந்துக்கு வழிவகுக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் தரப்பில் தொடுக்கப்பட்டிருந்த வழக்கு, உலகளாவிய கண்டனத்துக்குப் பின் அதே ஆண்டு ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. நவம்பரில் தோஹாவில் கூடிய அமைச்சர்கள், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு டிரிப்ஸ் தடையாக இருக்கக்கூடாது, காப்புரிமையாளரின் இசைவின்றிப் பிறர் தயாரிக்க அரசு தரும் கட்டாய உரிமம் எந்தக் காரணங்களுக்காக வழங்கப்படலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்யலாம் என்று அறிவித்தார்கள். இந்த வாசகம் யாருடைய பெருந்தன்மையாலும் கிடைத்ததல்ல. 350 டாலர் மருந்து கண்முன் இருந்ததால்தான் 10,000 டாலர் விலைக்கு வக்காலத்து வாங்க ஆளில்லாமல் போயிற்று.

2005-இல் டிரிப்ஸின்படி இந்தியா பொருள் காப்புரிமையை ஏற்றாக வேண்டிய கெடு வந்தது. ஏற்றது. கூடவே 3(டி) பிரிவையும் விரித்து எழுதியது. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பயன்திறன் கூடியிருப்பதாக நிறுவினாலன்றிக் காப்புரிமை கிடையாது என்பது அதன் சாரம். நோவார்ட்டிஸின் இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் முதல் பெரிய சோதனையானது. இமாடினிப் என்ற மூலக்கூறு 1990-களிலேயே வெளிநாட்டில் காப்புரிமைக்கு உள்ளானது. இந்தியாவில் கேட்கப்பட்டது அதன் உப்பின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பை உறுதிசெய்தது. மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன். உடல் 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது என்றது நீதிமன்றம். கிளிவெக்கின் விலை அப்போது மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய ஜெனரிக் மருந்து சுமார் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. கேள்வி நியாயமானது, ஆனால் 3(டி) புதிய மூலக்கூறுகளைத் தடுக்கவில்லை. 2005-க்குப் பின் அவற்றுக்கு இந்தியா 20 ஆண்டுக் காப்புரிமை தருகிறது. பழைய மருந்தின் உருவை மாற்றி ஆயுளை நீட்டிக்கும் முயற்சியைத்தான் அது தடுக்கிறது. இந்திய நோயாளிகளில் மிகப் பலருக்குக் கிளிவெக்கை இலவசமாகவே தந்ததாக நோவார்ட்டிஸ் சொன்னது. அந்தக் கொடையால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நிறுவனத்தின் விருப்பத்தில் தொடங்கி விருப்பத்தில் முடியும் கொடையை நம்பி ஒரு நாடு தன் மருத்துவத்தைத் திட்டமிட முடியாது.

2012 மார்ச்சில் இந்தியா இன்னும் ஒரு படி சென்றது. பேயர் நிறுவனத்தின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு மாதம் 2,80,428 ரூபாய் விலை. தேவைப்படுவோரில் 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவுக்குத்தான் அது சென்றடைந்திருந்தது. இந்தக் கணக்கு கிடைத்ததற்கு ஒரு காரணம், காப்புரிமையாளர் அப்போது ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டியிருந்த ‘படிவம் 27’. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. விலை 8,880 ரூபாயானது. பேயருக்கு 6 விழுக்காடு உரிமைத்தொகை உண்டு. மேல்முறையீட்டில் அது 7 ஆனது. அந்த மேல்முறையீட்டை விசாரித்தது சென்னையில் தலைமையகம் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். அதற்குத் தலைமை வகித்தவர் அதே பிரபா ஸ்ரீதேவன். 2021-இல் அந்த வாரியமே கலைக்கப்பட்டது. நாட்கோவுக்குப் பின் வேறெந்த நிறுவனத்துக்கும் இந்தியா கட்டாய உரிமம் வழங்கவில்லை.

சட்டத்தில் இடமிருந்தும் திறன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ருவாண்டா காட்டியது. தானே மருந்து தயாரிக்க முடியாத நாடுகளுக்காக 2003-இல் உலக வர்த்தக அமைப்பில் தனி ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. அதன்படி கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் ருவாண்டாவுக்கு எய்ட்ஸ் மருந்து அனுப்பியது. முதல் சரக்கு போய்ச் சேர 2008 ஆனது. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி அறிவிப்பு, தனி உரிமம், தனி அடையாளம் என்று விதிகள் அடுக்கப்பட்டிருந்த அந்த வழியில் வேறெந்த நாட்டுக்கும் மருந்து சென்றதில்லை. கோவிட் காலத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று முன்வைத்த, டிரிப்ஸ் விதிகளிலிருந்து விலக்குக் கேட்ட கோரிக்கைக்கும் ஏறத்தாழ அதே கதிதான். 2022 ஜூன் 17 அன்று வந்த முடிவு தடுப்பூசிகளோடு நின்றுவிட்டது. சிகிச்சை மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் அதில் இல்லை. அதற்குள் பெருந்தொற்றின் மிகக் கொடிய காலம் கழிந்துவிட்டது.

ஆனாலும் இன்றைய பெரிய ஆபத்து ஜெனீவாவில் இல்லை. 2024 மார்ச்சில் தில்லி வெளியிட்ட விதித் திருத்தம், படிவம் 27-ஐ மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றது. காப்புரிமை வழங்குமுன் எதிர்ப்புத் தெரிவிக்கக் கட்டணமும் விதித்தது. நோயாளி அமைப்புகளின் முக்கியமான கருவி அந்த எதிர்ப்பு மனுதான். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்ய நிறுவனங்கள் தாமாக வழங்கும் உரிமமே உகந்த வழி என்ற கருத்தை ஏற்கிறது. கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் கோருபவருக்குத் தேவையான தகவல் சுருங்கிவிட்டது. வழங்க வேண்டிய அதிகாரிக்கு அரசு காட்டும் திசையும் மாறிவிட்டது.

இவை எதையும் உலக வர்த்தக அமைப்பு கேட்கவில்லை. அதன் விதிகளுக்கு உட்பட்டே இந்தியா நோவார்ட்டிஸ் வழக்கை வென்றது, நாட்கோவுக்கு உரிமம் தந்தது. இந்தியாவில் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வர நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. அமைச்சரவை முடிவே போதும். மருந்து விலையைத் தொடும் ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயங்களையாவது கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும். படிவம் 27 மீண்டும் ஆண்டுதோறும் வர வேண்டும்; அதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும்.