ஜன்னலோர ஸீட்

கோடை விடுமுறைப் பயணம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜன்னலோர ஸீட்டுக்கு நானும் தங்கையும் போட்ட சண்டைதான். உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும்.

சண்டைக்கு நாங்கள் மட்டும் காரணமில்லை, அந்தக் கால ரயிலும் ஒரு காரணம். 1974-இல் மூன்றாம் வகுப்பை எடுக்கும்வரை நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான். மரப்பலகை இருக்கை. எதிரெதிர் பலகைகளுக்கு நடுவே இரண்டு ஜன்னல். ஒன்றில் வேறு குடும்பம் இருக்கும். மீதி ஒன்றுக்கு அரை டிக்கெட்டுகள் நாங்கள் இரண்டு பேர். கரி எஞ்சின் துகள் கண்ணில் விழும், அம்மா முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுப்பாள். அப்படியும் அந்த இடத்தை விடமாட்டோம்.

அப்பா ஒரு சட்டம் வைத்தார். பெரிய ஸ்டேஷன் வந்தால் இடம் மாற வேண்டும். 1971 மே மாதம் ராமேஸ்வரம் போனபோதும் அதே சட்டம். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை நான், பிறகு அவள். இரவு தூக்கம். காலையில் மானாமதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை என் முறை. அதற்கு மேல் அவள் முறை. அதாவது கடல் அவளுக்கு.

பாம்பன் பாலத்தைப் பற்றி அப்பா முதல்நாளே சொல்லியிருந்தார். 1914-இல் திறந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம், கப்பல் போக நடுவில் தூக்கித் திறப்பார்கள். 1988-இல் சாலைப் பாலம் வரும்வரை தீவுக்குப் போக அது ஒன்றுதான் வழி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் பயணிகளோடு கடலில் போனதையும், பாலம் உடைந்து அதைச் சீக்கிரமே சரிசெய்ததையும் அவர் சொன்னபோது தங்கை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கண்ணை மூடாம பார்ப்பேன்" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினொன்று.

ராமநாதபுரம் வந்தபோது அவள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை, அவளை எழுப்பவும் இல்லை. மண்டபம் தாண்டியதும் வண்டி நடை வேகத்துக்கு வந்தது. கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது. கீழே பார்த்தால் தண்ணீர் மட்டும்தான், வண்டியே கடல்மேல் போவதுபோல இருந்தது. எல்லோரும் காசு எறிந்தார்கள். நானும் ஐந்து பைசா எறிந்தேன்.

பாம்பன் ஸ்டேஷனில்தான் அவள் கண் விழித்தாள். அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டா எழுப்பலை?" என்று அப்பா கேட்டார். "நானும் தூங்கிட்டேன்பா" என்றேன். திரும்பி வரும்போது பாலம் இருட்டில் போயிற்று.

பிறகு எல்லாம் மாறிவிட்டது. கரி எஞ்சின் போயிற்று, மீட்டர் கேஜ் போயிற்று. 2016-லிருந்து குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். என் பேரப்பிள்ளைகள் ஜன்னலுக்குச் சண்டை போடுவதில்லை, சார்ஜர் மாட்டும் இடத்துக்குத்தான் போடுகிறார்கள். பிள்ளைகள் மாறவில்லை, பற்றாக்குறைதான் இடம் மாறியிருக்கிறது.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது எனக்குப் பகீரென்றது. அந்தப் பாலத்தில் அவளைக் கூட்டிப்போக ஐம்பது வருடம் இருந்தும் போகவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். அந்தக் கோடையில் நாங்கள் இருவரும் மதுரையிலிருந்து காலைப் பாசஞ்சரில் கிளம்பினோம். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். மானாமதுரை தாண்டியதும் உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அண்ணா" என்றாள். "பாதி முழிப்புல உன்னைப் பார்த்தேன். நீ காசு எறிஞ்சே. மறுபடி தூங்கிட்டேன்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உன்னை அடிச்சிருப்பார்."

பிறகு கால் வலிக்கிறதென்று சாய்ந்துகொண்டு, "மண்டபம் வந்தா எழுப்பு" என்று கண்ணை மூடினாள். ராமநாதபுரத்திலேயே எழுப்பிவிட்டேன்.