யு.எஸ்.பி. மைக்கும் சின்னம்மாவின் நடவுப் பாட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் சின்னம்மாவின் நடவுப் பாட்டைப் பதிவு செய்யப் போனேன். அவருக்கு வயது எண்பத்து மூன்று. நம் கீழக்குயில்குடிக் கண்மாய்க்குக் கீழே நடவு நடந்த காலத்தில் பாட்டெடுத்துக் கொடுத்தவர். லேப்டாப்பில் ஆடாசிட்டி, கையில் ஒரு யு.எஸ்.பி. மைக். முதலில் மைக்கையே காணோம் என்றது. என்னிடம் இருக்கும் பழைய பதிப்பில், ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அதற்குத் தெரியாது. மூடித் திறக்க வேண்டும். திறந்தேன், சின்னம்மா பதினொரு நிமிடம் பாடினார். வீட்டுக்கு வந்து கேட்டால் வரிக்கு வரி ‘டிக், டிக்’ என்று வெட்டு.

“கழற்றி மாட்டுங்க சார், சரியாயிடும்” என்றான் என் பழைய மாணவன். ஏன் என்று கேட்டேன், சிரித்தான். ஏன் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அது போதுமா? நான்கு இரவு உட்கார்ந்து படித்தேன்.

யு.எஸ்.பி. வருவதற்கு முன் கணினியில் விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு வேறொரு துளை. இசைக்காரர்களுக்கு 1983-இல் வந்த மிடி இருந்தது, ஐந்து முள் உள்ள வட்டச் செருகி. 1992-இல் ‘ரோஜா’வுக்கு இசையமைத்த ரகுமான், கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டிய சொந்த ஒலிக்கூடத்தில் கணினியும் சிந்தசைசரும் வைத்து வேலை செய்த காலம் அது. ஆனால் மிடி வழியே ஒலி போகாது. எந்தச் சுரத்தை, எப்போது, எவ்வளவு அழுத்தி என்ற கட்டளை மட்டுமே போகும். வேகம் நொடிக்கு 31,250 பிட். குரலுக்கு அது போதாது. கணக்குப் போடுங்கள்: குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட். 7,05,600!

1994-இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எல்லாவற்றுக்கும் ஒரே துளை செய்யக் கிளம்பின. இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்த நம்மவர். 1996 ஜனவரியில் முதல் யு.எஸ்.பி. வந்தது. நொடிக்கு 1.2 கோடி பிட். ஆக, சின்னம்மாவின் குரலுக்கு அன்றைய வேகமே தாராளம். பிறகு ஏன் வெட்டு?

இங்கேதான் எனக்குச் சுவாரசியம். பென் டிரைவுக்குக் கோப்பு போகும்போது ஒரு துண்டு பழுதானால் யு.எஸ்.பி. மறுபடி அனுப்பும். ஒலிக்கு அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஒரு பொட்டலம். ஒன்பது பொட்டலத்தில் 44 மாதிரி, பத்தாவதில் 45. வழியில் ஒன்று கெட்டால் போனது போனதுதான். திரும்ப அனுப்பக் காத்திருந்தால் அடுத்த சுரம் தாமதமாகும் என்று, வடிவமைத்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. நேரடிப் பாட்டுக்கு அது சரிதான். என் வேலைக்கு அது வினையாயிற்று.

பழி என் மேல்தான். மைக்கை நான்கு துளை ஹப்பில் செருகி, அதே ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், வெக்கை தாங்காமல் ஒரு குட்டி மின்விசிறியும் மாட்டியிருந்தேன். லேப்டாப்பின் ஒரு சாதாரணத் துளை தருவதே 500 மில்லிஆம்பியர். அதை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் மைக் என்ன செய்யும்? நேரே லேப்டாப்பில் செருகி, யு.எஸ்.பி.யைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பை நிறுத்தி, வெறுமனே பேசிப் பதிந்து பார்த்தேன். ஒரு ‘டிக்’ இல்லை.

மறுநாள் காலையிலேயே போனேன். சின்னம்மா பாடினார். பதிவு சுத்தமாக வந்தது, ஆனால் ஏழு நிமிடம்தான். நாற்றுமுடி விளம்பும் இடத்தில் வரும் கண்ணி ஒன்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை. “அன்னைக்குத்தான் பாடிட்டேனே தம்பி, அதுல இருக்குமே” என்றார். இருக்கிறது, வெட்டு வெட்டாக. இரண்டு கோப்பையும் வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணி தெரிந்த நம் ஊர் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மைக்கோடு வருகிறேன்.