வளர்ச்சியின் ஏவலும் ஏற்பும்

நம் மண்டையோட்டின் அடித்தளத்தில், எலும்பாலான சிறு குழியொன்றில், பட்டாணி அளவான ஓர் உறுப்பு அமைந்திருக்கிறது. அதுவே பிட்யூட்டரி சுரப்பி. மூளையின் கழிவாகிய கபம் இதன் வழியாகவே மூக்குக்கு இறங்குகிறது என்று பண்டைய மருத்துவ மேதை காலென் கருதினார். கபத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. கருத்து மறைந்தது, பெயர் மட்டும் வாழ்கிறது.

1886-ல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மரி, கைகால்களும் முகமும் அளவு மீறிப் பருக்கும் நோயொன்றை விவரித்தார். அதற்கும் இச்சுரப்பிக்கும் உள்ள தொடர்பு பின்னர் தெளிவாயிற்று. 1921-ல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் ஜோசப் லாங்கும் மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினர். அவை மற்ற எலிகளை விஞ்சிப் பேருருக் கொண்டன.

இனிக் குள்ளமாய் நின்றுவிட்ட குழந்தைகளை வளர்த்துவிடலாம் என்று மருத்துவர் மகிழ்ந்தனர். ஆனால் மாட்டின் ஹார்மோன் மனிதனிடம் பலிக்கவில்லை. ஏன்? ஹார்மோன் என்பது ஓர் ஏவல். அதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி, உயிரணுவில் அதற்கு இசைவாக இருத்தல் வேண்டும். பூட்டுக்குப் பொருந்தாத சாவி கதவைத் திறக்குமோ?

1956-ல் லீ சோ ஹாவோ மனித வளர்ச்சி ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1958-ல் மாரிஸ் ரேபன், அதனைப் பெற்ற 17 வயது இளைஞன் ஒருவன் வளர்ந்ததை அறிவித்தார். ஆயின் அம்மருந்து இறந்தோரின் சுரப்பிகளிலிருந்தே கிடைத்தது. 1985-ல் அதனைப் பெற்றவர்களுள் சிலர் மூளையை அழிக்கும் கொடுநோயால் மாண்ட செய்தி வெளியாயிற்று. அமெரிக்காவில் அதன் விநியோகம் நின்றது. அதே ஆண்டில், நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்பட்ட ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

சரி, சுரப்பியையே ஏவுவது எது? மூளையின் அடிப்பகுதியாகிய ஹைப்போதலாமஸ், சிறு இரத்தக் குழாய்களின் வழியாகச் செய்தி அனுப்புகிறது என்று ஆங்கிலேய அறிஞர் ஜெஃப்ரி ஹாரிஸ் வாதித்தார். 1973-ல் கில்லெமின் என்பாரின் குழுவினர் வளர்ச்சி ஹார்மோனைத் தடுக்கும் சோமட்டோஸ்டாட்டினைக் கண்டனர். 1982-ல் அதனைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனும் வெளிப்பட்டது. தடுப்பதும் தூண்டுவதும் ஒரே சுரப்பியின் மீது வினை புரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பி உண்டு.

இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையும் நிலையானதன்று. தைராய்டு ஹார்மோன் குறைந்த எலிகளின் பிட்யூட்டரியில், தூண்டும் ஹார்மோனின் ஏற்பிகள் குறைகின்றன. அட்ரீனல் சுரப்பிகளை நீக்கினாலும் அவ்வாறே. அந்த ஹார்மோன்களை மீண்டும் அளித்தால் நிலைமை சீரடைகிறது. ஆகவே, ஓர் ஏவலைக் கேட்கும் ஆற்றலையே மற்றோர் ஏவல் கூட்டவும் குறைக்கவும் வல்லது.

ஏற்பி பழுதானால் நேர்வது என்ன? 1993-ல், ஒரு வகைக் குள்ளச் சுண்டெலியின் ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது தெரியவந்தது. 1998-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக் கிராமத்தார் சிலரின் குள்ளத்தன்மைக்கும் அதே ஏற்பியின் பழுதே காரணம் எனப் புலனாயிற்று. அவர்தம் பிட்யூட்டரிக்கு ஏவல் வந்தது. கேட்கும் செவி இல்லை. ஆயினும் வளர்ச்சி ஹார்மோனை வாங்கும் ஏற்பிகள் அவர்களிடம் பழுதுறவில்லை. ஆகவே, இத்தகைய பழுதுடன் பிறக்கும் குழந்தைக்கு அந்த ஹார்மோனையே உரிய காலத்தில் நேரே அளித்தால், அது வளரும். பழுது எவ்விடத்தில் என்று அறிவதே மருந்தை அறிவதன் முதற்படி.