லைசென்ஸ் தடுக்கவில்லை, சமூகம் தடுத்தது: மாஸ்டடானும் காபும், 2019

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த மென்பொருளை, நமக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? ஓப்பன் சோர்ஸ் பக்கம் இருப்பவர்கள் என்றைக்காவது கேட்டுப் பார்த்திருக்கும் கேள்விதான் இது. பெரும்பாலும் டீக்கடைப் பேச்சோடு முடிந்துவிடும். 2019 ஜூலையில் மாஸ்டடானுக்கு நிஜமாகவே இந்த நிலைமை வந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ட்விட்டர் மாதிரி ஒன்று, ஆனால் ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல் வேண்டும் என்ற முயற்சி 2008லேயே ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் கனடாவின் மான்ட்ரியாலில் எவன் ப்ரோட்ரோமூ என்பவர் ஐடென்டிகா தளத்தைத் தொடங்கினார். அதை ஓட்டிய மென்பொருளுக்கு முதலில் லகோனிகா என்று பெயர், பிறகு ஸ்டேட்டஸ்நெட், கடைசியில் க்னூ சோஷியல். ஜெர்மனியில் இருந்த ஆய்கன் ரோச்கோ 2016ல் மாஸ்டடானை வெளியிட்டபோது, க்னூ சோஷியல் சர்வர்களோடும் பேசுகிற மாதிரிதான் எழுதியிருந்தார். 2017ல் ஆக்டிவிட்டிபப் என்ற புதிய நெறிமுறையும் அதில் சேர்ந்தது. 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அதை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது.

இது வேலை செய்கிற விதம் ஈமெயில் மாதிரி. உங்கள் கணக்கு ஒரு சர்வரில், என் கணக்கு வேறொரு சர்வரில் இருக்கும். இருந்தாலும் ஒருவரை ஒருவர் பின்தொடரலாம். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நிர்வாகி, அவருடைய விதிகள். பிடிக்காத சர்வரை மொத்தமாகத் துண்டிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லைசென்ஸ். மாஸ்டடான் ஏஜிபிஎல்லில் வருகிறது. கோடை மாற்றி சர்வரில் ஓட்டினால், மாற்றிய கோடை அதன் பயனர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தும். ஆனால் யார் ஓட்டுகிறார், எதற்காக ஓட்டுகிறார் என்று கேட்காது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரமே.

இப்போது காபுக்கு வருவோம். 2016ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தளம் தீவிர வலதுசாரிகளின் கூடாரமாக மாறியிருந்தது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரைக் கொன்றவன் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தான். அதன் பிறகு ஹோஸ்டிங், பேமென்ட் கம்பெனிகள் விலகின. ஆப்பிள், கூகுள் ஸ்டோர்களில் அதன் ஆப்புக்கு அதற்கு முன்பே இடமில்லை. 2019 ஜூலையில் காப் தன் பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஸ்டடான் கோடை ஃபோர்க் செய்து குடிபுகுந்தது. கணக்கு எளிது: ஸ்டோரில் ஏற்கெனவே இருக்கும் மாஸ்டடான் ஆப்களில் காப் முகவரியைப் போட்டால் போதும், உள்ளே போய்விடலாம்.

லைசென்ஸ்படி இதில் தவறே இல்லை. காபை எதிர்ப்பதாக மாஸ்டடான் அறிக்கை விட்டது, ஆனால் கோடை எடுக்காதே என்று சொல்ல வழி கிடையாது. மற்றவர்களால் முடிந்தது வேறு. சர்வர் நிர்வாகிகள் ஒவ்வொருவராக காபைத் துண்டித்தார்கள். டஸ்கி என்ற ஆண்ட்ராய்டு ஆப், காப் முகவரியில் லாகின் செய்ய முடியாதபடி தன் கோடிலேயே தடுத்தது. எஃப்-ட்ராய்டு ஆப் களஞ்சியமும் காப் ஆப்பை விநியோகிக்க மாட்டோம் என்று அறிவித்தது.

எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆப் என்பது பிரவுசர் மாதிரி, எந்த முகவரிக்குப் போகலாம் என்று அது தீர்மானிக்கக் கூடாது என்றார்கள் சிலர். நியாயமான வாதம்தான். ஆனால் டஸ்கியும் ஓப்பன் சோர்ஸ். பிடிக்காதவர் அந்தத் தடையை நீக்கி வேறு ஆப்பாக வெளியிடலாம். டஸ்கி எழுதியவர்கள் தங்கள் உழைப்பில் வந்த ஆப் என்ன செய்யும் என்று மட்டும்தான் முடிவு செய்தார்கள்.

2020ல் காப் மற்ற சர்வர்களோடு பேசும் வசதியையே நிறுத்திவிட்டது. 2021 பிப்ரவரியில் அதன் தகவல்கள் பெரிய அளவில் திருடு போயின. காரணம் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். அந்த ஓட்டை மாஸ்டடானில் இல்லை, காப் தானே செய்த மாற்றத்தில் வந்தது. ஒரு இன்ஜினியராக எனக்கு இதுதான் சுவாரசியம். ஃபோர்க் செய்தால் கோடு வரும், அதைத் தினமும் படித்து ரிவ்யூ செய்கிறவர்கள் கூடவே வர மாட்டார்கள்.

சரி, அப்போ லைசென்ஸால் பயனே இல்லையா? அதே 2021 அக்டோபரில் டிரம்ப்பின் ட்ரூத் சோஷியல், மாஸ்டடான் கோடை எடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் இருந்தது. ஏஜிபிஎல்லைக் காட்டி மாஸ்டடான் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கோடு வெளியில் வந்தது. கோடைத் திருப்பிக் கொடு என்று கேட்க லைசென்ஸ் போதும். யாரோடு பழகுவது என்பதை அது முடிவு செய்யாது.

அந்த முடிவை எடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். இதில் ஆபத்தும் இருக்கிறது. நிர்வாகி துண்டித்தால் சாதாரணப் பயனருக்கு அந்தப் பக்கத்து நண்பர்கள் ஒரே நாளில் காணாமல் போவார்கள். இரண்டு நிர்வாகிகளுக்குள் மனஸ்தாபம் வந்தாலும் இதே கதைதான். ஆனால் அப்போது வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம், பின்தொடர்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். ட்விட்டரில் இந்த வழி கிடையாது. காபைத் தடுத்த வசதியும் இந்த வழியும் ஒரே அமைப்பிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.