தீயில் தளிர்க்கும் புல்வெளி

1679ஆம் ஆண்டின் இறுதியில், பிரெஞ்சு நாட்டவரான லா சாலின் குழுவோடு வட அமெரிக்க ஆறுகளின் வழியே சென்ற பிரான்சிஸ்கன் துறவி லூயி ஹெனப்பின் ஒரு காட்சியை எழுதி வைத்துள்ளார். மயாமி இன மக்கள் காட்டெருமைக் கூட்டத்தைச் சூழ்ந்து காய்ந்த புல்லுக்குத் தீயிடுவர். ஓரிடத்தில் மட்டும் வழி விட்டு, அங்கே வில்லேந்திக் காத்திருப்பர். மிசிசிப்பியின் முகத்துவாரம் வரை தாமே சென்றதாகப் பிற்காலத்தில் பெருமை பேசிய துறவி அவர்! எனினும், தீயைப் பற்றிய அவருடைய சாட்சியை நாம் ஐயுற வேண்டியதில்லை. பின்வந்த பயணிகள் பலரும் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளனர்.

வேட்டைக்கு மட்டுமன்று அத்தீ. எரிந்த நிலத்தில் இளம்புல் துளிர்க்கும், அதை நாடி விலங்குகள் வரும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். 'பிரெய்ரி' எனப்படும் அந்தப் புல்வெளியில் ஆளுயரத்திற்கு மேல் வளரும் புல்லின் குருத்து மண்ணுக்குள் இருக்கிறது. வேரோ இன்னும் ஆழத்தில். தீ மேலே கிடக்கும் சருகை எரித்துப் போனால், கருகிய மண்ணில் வெயில் விழுகிறது, மண் விரைவில் சூடேறுகிறது, புல் செழித்தெழுகிறது. தரைக்கு மேலே மொட்டுத் தாங்கும் மரக்கன்றுகளோ கருகிவிடுகின்றன.

குடியேறிய வெள்ளையர் தீயைப் பகையாகக் கண்டனர். 1837இல் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பை பிரெய்ரியின் பிசுபிசுத்த மண்ணைப் புரட்டியது. உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைவே. கான்சாஸ் மாநிலத்துப் பிளின்ட் குன்றுகள் தப்பியது கற்பாறையின் தயவால். அம்மண்ணின் கான்சா மக்கள் 1873இல் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டனர்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1935 முதல் பழைய வயலொன்றில் பிரெய்ரியை மீண்டும் நட்டபோது, அயல்நாட்டுப் புல் அதை நெருக்கியது. அளவோடு தீயிட்ட இடங்களில் பிரெய்ரிச் செடிகள் தலைதூக்குவதை 1940களில் ஜான் கர்ட்டிஸ் சோதித்துக் காட்டினார். துறவி கண்ட வழக்கத்தை அறிவியல் ஏற்க ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று! அம்முயற்சியின் வழிகாட்டிகளுள் ஒருவரான ஆல்டோ லியோபோல்டு, 1948 ஏப்ரல் 21 அன்று, அண்டை நிலத்தில் பற்றிய தீயை அணைக்கச் சென்று மாரடைப்பால் இறந்தார்.

பிளின்ட் குன்றுகளில் 1971இல் தோன்றிய ஆய்வு நிலத்திற்குக் கான்சா மக்களின் நினைவாகக் 'கோன்சா' என்றே பெயர். அங்கே சில பகுதிகளுக்கு ஆண்டுதோறும், சிலவற்றிற்கு இரண்டாண்டுக்கும் நான்காண்டுக்கும் ஒருமுறை, சிலவற்றிற்கு இருபதாண்டுக்கு ஒருமுறை தீயிடுகின்றனர். ஆண்டுதோறும் எரியும் நிலத்தில் உயர்ந்த புல்லினங்கள் சில ஓங்கி, பூச்செடிகள் குன்றுகின்றன. 1987இல் கொண்டுவந்து விடப்பட்ட காட்டெருமைகள் அப்புல்லை மேய்ந்த இடங்களிலோ பூக்கள் மீண்டன. நெருப்போடு மேய்ச்சலும் சேர்ந்ததே பழைய பிரெய்ரி. நெடுங்காலம் தீ காணாத பகுதிகளைப் புதரும் சீமைத் தேவதாருவை ஒத்த ஊசியிலை மரங்களும் மூடிவிட்டன. அங்கே மறுபடி தீயிட்டாலும் புதர் எளிதில் பின்வாங்குவதில்லை. அதன் நிழலில் புல் முளைப்பதில்லை, புல் இல்லாத இடத்தில் தீ பரவப் பற்றுக்கோடும் இல்லை.