மாயாவியின் மூன்று முகவரிகள்: ஒரு மும்பை மென்பொருளின் இடப்பெயர்ச்சி வரலாறு

மும்பை ஐஐடி, பவாய் ஏரியை ஒட்டி இருக்கிறது. அதன் வானூர்திப் பொறியியல் துறைப் பேராசிரியர் பிரபு ராமச்சந்திரன் உருவாக்கிய 'மாயாவி' என்ற மென்பொருளை உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். காற்றோட்டம், நீரோட்டம் போன்றவற்றைக் கணக்கிடும்போது குவியும் எண்களை முப்பரிமாணப் படமாக்கிக் காட்டுவது அதன் வேலை. சென்னை ஐஐடியில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் அவர் அதை எழுதத் தொடங்கினார், 2001-இல் வெளியிட்டார். அதன்பின் மாயாவியின் மூலநிரல் மூன்று முகவரிகளைப் பார்த்துவிட்டது: முதலில் சோர்ஸ்ஃபோர்ஜ், பிறகு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள என்தாட் நிறுவனத்தின் சர்வர், கடைசியாக கிட்ஹப்.

மாஹிமிலிருந்து செம்பூருக்கு வீடு மாற்றுபவருக்குச் சாமான் ஏற்றும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். ரேஷன் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் முகவரி மாற்றுவதற்குத்தான் மாதக்கணக்காகும். மென்பொருளுக்கும் அப்படித்தான். நிரலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பது சில நிமிட வேலை. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற பதிவை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடினம்.

இந்தப் பதிவைக் காப்பதற்காகவே பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் பிறந்தன. 1986-இல் நெதர்லாந்தின் டிக் க்ரூன் சில ஷெல் ஸ்கிரிப்ட்களாக எழுதியது சிவிஎஸ். 1999 நவம்பரில் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ், திறமூலத் திட்டங்களுக்கு சிவிஎஸ் இடத்தை இலவசமாகக் கொடுத்தது. சொந்த சர்வருக்கு வழியில்லாத மாணவர்களுக்கு அது பெரிய வரம். முதல் தலைமுறை மாயாவி வளர்ந்தது அங்கேதான்.

சிவிஎஸ்ஸில் ஒரு பெருங்குறை இருந்தது. அது ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியாக எழுதி வைத்தது. ஒரு பிழையைத் திருத்த ஐந்து கோப்புகளைத் தொட்டால் ஐந்து தனிப் பதிவுகள். அவை ஒரே வேலையின் பகுதிகள் என்பதற்குக் குறிப்பு எதுவும் இருக்காது. கோப்பின் பெயரை மாற்றினாலோ பழைய பெயரோடு இருந்த வரலாற்றுத் தொடர்பே அறுந்துபோகும். அதனால் சிவிஎஸ்ஸிலிருந்து வெளியேறும் திட்டங்களுக்கான மாற்றுக் கருவிகள் துப்பறிய வேண்டியிருந்தது. ஒரே ஆள், ஒரே குறிப்பு, சில நிமிட இடைவெளி என்று இருந்தால் அவற்றை ஒரே மாற்றமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டன.

2004 பிப்ரவரியில் சிவிஎஸ்ஸுக்கு மாற்றாக எழுதப்பட்ட சப்வெர்ஷனின் முதல் முழுப் பதிப்பு வந்தது. களஞ்சியம் முழுவதற்கும் ஒரே வரிசை எண் என்பது அதன் முறை. ஏறத்தாழ இதே காலத்தில் என்தாட் ஆதரவோடு மாயாவி புதிய அடித்தளத்தில் திரும்ப எழுதப்பட்டு, 'மாயாவி 2' ஆனது. அதன் நிரல் என்தாட்டின் சப்வெர்ஷன் சர்வரில், அந்நிறுவனத்தின் மற்றக் கருவித் தொகுப்புகளோடு சேர்ந்து இருந்தது. முதல் மாயாவியின் வரலாறு சோர்ஸ்ஃபோர்ஜிலேயே தங்கிவிட்டது. ஆகவே, முதல் இடமாற்றத்தில் நகர்ந்தவை சிந்தனையும் அனுபவமும்தான். இன்று கிட்ஹப்பில் மாயாவியின் கதையைப் படிப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடமாற்றம் 2011-ஐ ஒட்டி நடந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் அதற்குள் பரவிவிட்டிருந்தது; 2008-இல் தொடங்கிய கிட்ஹப் அதற்கு ஒரு சந்தையாகியிருந்தது. என்தாட்டின் ஒரே பெரிய களஞ்சியம் உடைக்கப்பட்டு, மாயாவிக்கும் அதன் கூட்டாளித் தொகுப்புகளுக்கும் தனித்தனிக் களஞ்சியங்கள் கிடைத்தன.

இந்த வகை மாற்றத்தில் இரண்டு இடங்கள் உறுத்தும். சப்வெர்ஷன் ஒருவரைப் பயனர்பெயரால் மட்டுமே அறியும். கிட்டுக்கு முழுப்பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எனவே யார் யார் என்று பட்டியல் ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வரலாற்றின் நடுவில் தென்பட்டால், மாற்றும் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். எப்போதோ ஒரே ஒரு திருத்தம் அனுப்பிவிட்டுப் போனவரையும் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். உழைத்தவர் பெயர் விடுபடக் கூடாது என்று கருவியே பிடிவாதம் பிடிக்கிறது, நல்ல பிடிவாதம்.

இன்னொன்று எண்கள். சப்வெர்ஷனின் வரிசை எண் கிட்டில் கிடையாது. அங்கே 40 எழுத்து நீளமுள்ள அடையாளக் குறிதான். "இந்தப் பிழை இன்ன எண்ணில் சரிசெய்யப்பட்டது" என்ற பழைய குறிப்புகள் எதையும் சுட்டாமல் அந்தரத்தில் நிற்கும்.

மாயாவி பயனர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்தது. 2011-இல் வெளியான என்தாட் கருவித் தொகுப்பின் 4.0 பதிப்பு, 'என்தாட்.மாயாவி' என்று அழைக்கப்பட்டதை வெறும் 'மாயாவி' ஆக்கியது. பழைய பெயரில் எழுதப்பட்ட நிரல்கள் அப்படியே ஓட வேண்டுமே என்பதற்காக, ஈடிஎஸ்-பிராக்ஸி என்ற இடைப்பாலம் ஒன்றையும் தந்தார்கள். பிரபு ராமச்சந்திரனும் கயேல் வரோக்கோவும் மாயாவி பற்றி எழுதிய கட்டுரை ஆய்விதழில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

மாயாவி எழுதப்பட்ட பைத்தான் மொழியின் பாதை இதைவிட நீளம். சோர்ஸ்ஃபோர்ஜின் சிவிஎஸ்ஸிலிருந்து 2005-இல் சப்வெர்ஷன், 2011 மார்ச்சில் மெர்க்குரியல் என்ற இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், 2017 பிப்ரவரியில் கிட்ஹப். ஆனால் பிழைப் புகார்களும் அவற்றின் மீதான விவாதங்களும் கிட்ஹப்புக்குப் போய்ச் சேர 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. நிரலைவிட விவாதத்தை நகர்த்துவது எவ்வளவு சிரமம் என்பதற்கு இந்த ஐந்தாண்டு இடைவெளியே சான்று.

சர்வர் அடுத்தவருடையது என்பதன் பொருளை மும்பை வேறொரு வழியிலும் உணர்ந்தது. 2014 நவம்பரில், எஸ்பிளனேட் நீதிமன்றத்தின் கூடுதல் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட் 32 இணையதளங்களை முடக்க உத்தரவிட்டார். ஐஎஸ்ஐஎஸ் பிரச்சாரத்தைத் தடுப்பது நோக்கம். அந்தப் பட்டியலில் கிட்ஹப்பும் சோர்ஸ்ஃபோர்ஜும் இருந்தன. டிசம்பர் இறுதியில் தடை அமலானபோது, மாயாவியின் பழைய வீடும் புதிய வீடும் ஒருசேரப் பட்டியலில் நின்றன. கிட்ஹப் விரைவில் விடுவிக்கப்பட்டது. கிட் முறையில் ஒவ்வொருவர் கணினியிலும் வரலாறு முழுதும் இருப்பதால் அந்த நாள்களிலும் நிரல் எழுதுவது நிற்க வேண்டியதில்லை. சிவிஎஸ் காலமாக இருந்திருந்தால், பழைய பதிவைப் புரட்டக்கூட வழி இருந்திருக்காது.

அடுத்த சில ஆண்டுகளில், நிரல்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்களே கடையை மூடினார்கள். கூகுள் கோட் 2015-இல் அறிவித்து, 2016 ஜனவரியில் மூடியது. கிட்டோரியஸ் 2015-இல் கிட்லேபுக்குக் கைமாறி மறைந்தது. பிட்பக்கெட் 2020-இல் மெர்க்குரியல் களஞ்சியங்களைக் கைவிட்டது. மும்பை ஐஐடியில் உருவான பைஎஸ்பிஎச் என்ற பாய்ம இயக்க மென்பொருளும் பிட்பக்கெட்டிலிருந்து கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்ததுதான். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இன்னும் முந்தைய முகவரியே அச்சாகி நிற்கிறது. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016-இல் அறிவித்த சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் காப்பகம் மட்டும் இல்லையென்றால், இப்படிக் கைவிடப்பட்ட எத்தனையோ சிறு திட்டங்களின் சுவடைத் தேடுவதே கடினமாகியிருக்கும்.

மும்பையின் பொறியியல் கல்லூரிகள் தங்கள் மாணவர் திட்டங்களைக் கிட்ஹப்பில் வைப்பதில் தவறில்லை. அதோடு துறை சர்வரிலும் ஒரு முழு நகல் வைக்க வேண்டும். 'கிட் க்ளோன் --மிரர்' என்ற ஒரே கட்டளை எல்லாக் கிளைகளையும் கொண்டுவந்துவிடும். பிழைப் புகார்களும் விவாதங்களும் அந்தக் கட்டளையில் வராது. அவற்றைத் தனியாக இறக்கி, பருவத்துக்கு ஒருமுறையாவது சேமிக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அந்தப் பொறுப்பை இந்தக் கல்வியாண்டிலேயே ஒப்படையுங்கள்.