தோளில் ஏறிய பிள்ளைகள்

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் காலை ஏழு மணிக்கு முன்பே வாப்பாமார் வீதியில் இறங்கிவிடுவார்கள். ஒரு கையில் புத்தகப்பை, மறு கையில் தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை. வீட்டு வாசலில் "நான் நடந்துதான் வருவேன்" என்று பிடித்த கையை உதறிய அதே பிள்ளை, முதல் முடக்கு வருவதற்குள் "கால் நோகுது, தூக்குங்க வாப்பா" என்று நடுவீதியில் குந்திவிடும். தூக்கித் தோளில் வைத்தால் கொஞ்ச நேரம் ராஜநடை. எதிரே இன்னொரு பிள்ளை தன் காலால் நடந்து வருவதைக் கண்டதும் இறக்கிவிடச் சொல்லி வயிற்றில் உதைக்கும். "இறங்குங்க மகன், இறங்குங்க" என்று வாப்பா குனிந்து இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் கால் மறுபடியும் நோகத் தொடங்கியிருக்கும்.

இந்த வழக்குக்குத் தமிழில் எண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட எழுத்துச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சிக்கும் இந்தக் கொட்டியாரக் குடாவுக்கும் ஒரு தொடர்பும் உண்டு.

குடாவுக்கு வடக்கே, கடலின் மேல் நிமிர்ந்து நிற்கும் பாறையில் திருக்கோணேசர் கோயில். அந்தக் கோணமலையைப் பதிகமாகப் பாடிய திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்காரர். இராமேசுவரத்தில் நின்றபடியே கடலுக்கு இப்பால் உள்ள கோணமலையையும் கேதீச்சரத்தையும் அவர் பாடினார் என்கிறது பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில் அதை எழுதிய சேக்கிழார் சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர். பக்திக் காவியம் என்று மட்டும் நினைத்து அதைப் படிப்பவர்கள் அதற்குள் இருக்கும் ஒரு தகப்பனைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். அவர் பெயர் சிவபாத இருதயர், சம்பந்தரின் தகப்பன்.

சீர்காழிக் குளத்துக்குக் குளிக்கப் போகிறார். மூன்று வயது மகன் தானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான். கூட்டிக்கொண்டு போய்க் கரையில் இருத்திவிட்டு நீரில் மூழ்குகிறார். தகப்பனைக் காணாத பிள்ளை கோயிலைப் பார்த்து அழ, உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்து வருவதுதான் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. கரையேறிய தகப்பன் பிள்ளையின் வாயோரத்தில் பால் வழிவதைக் காண்கிறார். யார் தந்ததை வாங்கிக் குடித்தாய், காட்டு என்று அதட்டுகிறார். கையில் ஒரு சிறு குச்சியையும் எடுத்து ஓங்குகிறார். குச்சி சிறியது என்பதைச் சேக்கிழார் மறக்காமல் சொல்கிறார். அடிக்கும் எண்ணம் இல்லாத தகப்பன் எடுக்கிற குச்சி எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும். தெரியாத ஆட்கள் தருவதை வாங்கித் தின்னாதே என்று இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற அதட்டல் அது.

பிறகு அந்தத் தகப்பன் மகனைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார். நெல்வாயில் அரத்துறைக்குப் போகும் வழியில் பிள்ளை தோளில் ஏற மறுத்துவிடுகிறது. நடந்துதான் வருவேன் என்கிறது. நடக்க நடக்கப் பாதம் நோகிறது. பார்க்கிற தகப்பனுக்கு மனம் நோகிறது. மாறன்பாடியில் பொழுதுபட்டு அங்கேயே தங்குகிறார்கள். அன்றிரவு இறைவன் முத்துச் சிவிகை அனுப்ப வேண்டி வந்தது. தோளும் வேண்டாம், தரையும் ஆகாது என்று நிற்கும் ஒரு பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்ற சிக்கலுக்குப் பல்லக்கைத் தவிர வேறு தீர்வு பெரியபுராணத்திலும் கிடைக்கவில்லை.

பிள்ளை வளர்ப்பு என்றால் தாலாட்டு, தொட்டில், தாய்மடி என்றே தமிழில் பேசிப் பழகிவிட்டோம். அது நியாயம்தான், பாரம் பெரும்பாலும் தாயின் மேல்தான் விழுந்தது. ஆனால் தகப்பன்மாரும் பிள்ளைகளிடம் படாத பாடு பட்டு, அதிலேயே மகிழ்ந்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளைத் தேடி எடுத்து அடுக்கிப் பார்த்தால் நல்லதொரு வரலாறு கிடைக்கிறது.

அதில் மூத்தவர் ஒரு பாண்டிய மன்னர், அறிவுடை நம்பி. புறநானூற்றின் 188ஆம் பாட்டு அவருடையது. பலரோடு அமர்ந்து உண்ணும் பெரும் செல்வர் வீட்டில் சோறு பரிமாறப்பட்டிருக்கிறது. தத்தித் தத்தி நடந்து வருகிறது ஒரு பிள்ளை. சின்னக் கையை நீட்டுகிறது, கலத்தில் இடுகிறது, தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, கடைசியில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இப்படி மயக்குகிற பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் என்று ஒன்று இல்லை என்று முடிக்கிறார் மன்னர். வினைச்சொற்கள் வரும் வரிசையைப் பாருங்கள். பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்த ஆளால்தான் இப்படி அடுக்க முடியும். சோற்றுக் கலத்தை நோக்கி வரும் பிள்ளை என்ன செய்யும், எந்த ஒழுங்கில் செய்யும் என்பது இரண்டாயிரம் வருடத்தில் மாறவே இல்லை.

இதே மன்னருக்குப் பிசிராந்தையார் ஒரு புத்திமதி சொல்லியிருக்கிறார். அது நாலு பாட்டுக்கு முன்னால், 184ஆம் பாட்டாக இருக்கிறது. சிறிய வயலாக இருந்தாலும் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்குப் போதும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். வரி வாங்குவதும் அப்படித்தான் என்பது அவர் சொன்னது. அரசு நடத்துவோர் இன்றைக்கும் படிக்க வேண்டிய பாட்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. பிள்ளை புகுந்த சோற்றுக் கலத்திலும் வாய்க்குள் போவது கொஞ்சம், சிந்திச் சிதறுவதே மிச்சம். வயலில் நடந்தால் நாட்டுக்கே கேடு என்று கேட்டுத் தலையசைத்திருக்கக்கூடிய அதே மன்னர், தன் வீட்டுப் பாயில் அதுவே நடந்தபோது அதை வாழ்நாளின் பயன் என்று எழுதினார். கந்தளாய்க் குளத்து நீரில் நெல் விளைவித்து, காட்டு யானைக்குக் காவல் காத்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் இந்தப் பக்கத்து வெள்ளாமைக்காரனுக்கு இந்த இரண்டு பாட்டையும் யாரும் விளக்கத் தேவையில்லை.

ஔவையார் இதை இன்னும் சுருக்கமாகப் பிடித்தார். மழலைக்கு யாழின் இனிமை கிடையாது, தாளத்துக்குப் பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் தகப்பன்மாருக்கு அதைக் கேட்டால் உள்ளம் கனிந்துவிடும் என்று அதியமானிடம் சொல்கிறார். அப்படித்தான் என் சொல்லும் உனக்கு என்று அந்தப் பாட்டை அவனுடைய வீரப் புகழுக்குத் திருப்பிவிடுகிறார். தாய்மாரை விட்டுத் தகப்பன்மாரை அவர் எடுத்துச் சொன்னது கவனிக்க வேண்டியது.

பிறகு வந்தது பிள்ளைத்தமிழ். முழுமையாக இன்று கிடைப்பவற்றில் பழையது ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். அதற்கு முன்பே வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிவிட்டார். காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பத்துப் பருவம். ஒரு காலை மடித்து, கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. அழைத்தால் தளர்நடை போட்டு வருவது வருகை. பிள்ளை பிறந்ததும் வைத்தியசாலையில் கொடுக்கும் வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த மாதத்தில் தலை நிற்கும், எப்போது உட்காரும், எப்போது நடக்கும் என்று வரிசையாக இருக்கிறதே, அதே வரிசைதான் இது. பார்க்காமல் எழுதினால் இந்த ஒழுங்கு வராது. பாடியவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள்.

இந்தப் பத்தில் பெற்றோரின் பாடு அப்படியே தெரிவது அம்புலிப் பருவத்தில். பிள்ளையோடு விளையாட நிலாவைக் கூப்பிட வேண்டும். நிலா வராது. சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நாலு உபாயமும் அரசர்கள் எதிரியிடம் கையாள்வதற்கென்று நூல்களில் சொல்லப்பட்டவை. புலவர்கள் அவற்றைத் தூக்கி நிலாவின் மேல் பிரயோகித்தார்கள். நீயும் இவனும் ஒன்றுதான் என்று முதலில் நயமாகப் பேசுவது. நீ எங்கே இவன் எங்கே என்று வேற்றுமை காட்டுவது. வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுவது. வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று வெருட்டுவது. சோற்றுப் பீங்கானோடு முற்றத்தில் பிள்ளைக்குப் பின்னால் திரியும் எந்த வாப்பாவும் இந்த நாலையும் பத்து நிமிசத்துக்குள் கையாண்டு முடித்துவிடுவார். "என்ட ராசா, ஒரு வாய்" என்று தொடங்குவார். "தங்கச்சி எல்லாம் தின்டு முடிச்சிட்டாவே" என்பார். "தின்டா கடலுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்பார். கடைசியில் "உம்மாட்டச் சொல்லவா?" என்று வந்து நிற்பார். பெரும்பாலும் அந்தக் கடைசி உபாயமும் தோற்றுப்போகும்.

முஸ்லிம் புலவர்களும் இந்த வடிவத்தை மனமுவந்து எடுத்துக்கொண்டார்கள். 1833இல் செய்யிது அனபியா புலவர் பாடிய நபிநாயகம் பிள்ளைத்தமிழ் நபிகளாரைப் பத்துப் பருவத்திலும் குழந்தையாகக் கண்டு மகிழ்கிறது. அதைத் தொடர்ந்தும் பல வந்தன. மதத்துக்கு மதம் காப்புக் கேட்கும் இடம் மாறியதே தவிர, செங்கீரையும் சப்பாணியும் நிலாவோடு பேரமும் அப்படியே இருந்தன.

ஈழத்தில் இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்கே கொண்டுவந்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஆடிப்பிறப்புக் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் காத்திருக்கும் பிள்ளையின் அவசரம், தோட்டத்துக் கத்தரி வெருளியைக் கண்ட சிரிப்பு என்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் எல்லாம் வீட்டுக்குள்ளும் வேலிக்குள்ளும் கிடந்தவை. அவரும் ஆசிரியர், தகப்பன். அவருடைய மகன் இளமுருகனாரும் புலவரானார்.

கொட்டியாரக் குடாவுக்கு ஒரு தகப்பன் மகன் கதை இருக்கிறது. அதில் சிரிப்பு குறைவு. 1659ஆம் ஆண்டுக் கடைசியில் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புது மரம் வெட்டுவதற்காக இந்தக் குடாவுக்குள் வந்தது. தலைவர் ரொபர்ட் நொக்ஸ். கூடவே அதே பெயருடைய பத்தொன்பது வயது மகன். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் பிடித்தார்கள். தகப்பனின் செய்தியோடு மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். கப்பலில் ஏறிய மகன் அப்படியே தப்பிப் போயிருக்கலாம். திரும்பி வருவேன் என்று தகப்பனுக்குச் சொன்ன சொல்லுக்காகத் திரும்பி வந்தான். மகனையும் சிறையில் கொண்டுவந்து மாட்டிவிட்டேனே என்ற துயரத்தோடு தகப்பன் 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக்குத் தப்பி ஓடினான். 1681இல் இலண்டனில் வெளியான அவனுடைய இலங்கை வரலாறு இன்றுவரை படிக்கப்படுகிறது.

அந்தப் புத்தகத்தின் புகழில் மறைந்துபோனது, அவன் ஒரு பெண்பிள்ளையை வளர்த்த கதை. கண்டிக்குப் பக்கத்தில் ஏலதெத்தவில் தனியாளாக, தொப்பி பின்னி விற்றுச் சீவித்த காலத்தில், தன்னைப்போலவே பிடிபட்ட ஆங்கிலேயர் ஒருவரின் சின்ன மகள் லூசியாவைத் தன்னிடம் வைத்து வளர்த்தான். கலியாணம் செய்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தவன் அவன். தப்பிப்போன பிறகு, அங்கே விட்டுவந்த காணி, உடைமை எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்கே கொடுக்கும்படி எழுதி அனுப்பினான்.

இனி நீரைக் கடக்கிற கதை. திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதி முன்பு துறை துறையாக அறுந்து கிடந்தது. கிண்ணியாத் துறையில் 'பாதை' என்று இங்கே சொல்கிற மிதவை வந்து வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகும். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில்தான் பசிக்கும், அந்த நேரத்தில்தான் ஒன்றுக்கு வரும். சைக்கிளின் பாரில் துவாயைச் சுற்றிப் பிள்ளையை இருத்தி, ஹேண்டிலில் பையைக் கொழுவி, ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் பிள்ளையின் சட்டையையும் பிடித்தபடி வாப்பாமார் அந்தத் தட்டில் நின்று கடந்தார்கள். 2009 ஒக்டோபர் 20இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. நாட்டிலேயே நீளமான பாலம் என்று அப்போது பேசப்பட்டது. பாதையை அறியாத ஒரு தலைமுறை அதன் பிறகு வளர்ந்தது.

குறிஞ்சாக்கேணிக்கு அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. கிண்ணியாவோடு அதை இணைத்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிது கட்டும் வேலை தொடங்கியதால், சனங்கள் மறுபடியும் மிதவையில் ஏற வேண்டி வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூட நேரத்தில், அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஒரு பாலத்தில் கை வைக்கும்போது, அது முடியும்வரை சின்னப் பிள்ளைகள் எப்படி அக்கரைக்குப் போவார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். தோளில் ஏற்றுவதும் பாரில் இருத்துவதும் வாப்பாவால் முடியும். ஆற்றைக் கடக்கப் பாலம் போடுவது ஊரும் அரசும் செய்ய வேண்டியது.

பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர். அதுவரை தோளில் போன பிள்ளை தானே ஒன்றை இழுத்து உருட்டிக்கொண்டு போகும் வயது. இந்தத் தேரும் பழையதுதான். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரை உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டியிருக்கிறார். உலர்கிற தானியத்தைக் கொத்த வந்த கோழிக்குப் பெண்கள் காதில் இருந்த பொற்குழையைக் கழற்றி எறிய, அது வழியில் கிடந்து அந்தச் சக்கரத்தைத் தடுக்கிறதாம். பட்டினத்தின் செல்வத்தைக் காட்டத்தான் அந்தக் காட்சி; ஆனாலும் தேர் முட்டி நின்ற பிள்ளையின் எரிச்சலை நினைக்காமல் அதைப் படிக்க முடியாது. இந்தக் கரையில் அந்தத் தேர் பனங்காய் வண்டியாகவும் பழைய டயராகவும் உருண்டது. அச்சுக்குத் தடி சீவிக் கொடுப்பது வாப்பாவின் வேலை. சக்கரம் கழன்றால் ஏச்சும் வாப்பாவுக்குத்தான். இப்போது கிண்ணியாவில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மூன்று சக்கரம் என்றால் ஓட்டோதான். சொந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த வாப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மச்சானுடைய பிள்ளைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கிளம்புவார். முன்னால் யார் இருப்பது என்ற சண்டை வீடு வரும்வரை ஓயாது. இறங்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை தூங்கிப்போயிருக்கும். அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படி ஏறுவார்.